ஜி.ஏ. கெனால்ல அந்த ‘ஏ’ யாரு?

காலையில போனைத் தொறந்தா குடும்பக் குரூப்புல ஒரு பார்வேர்டு மெசேஜ். ‘இங்கிலீஷ்ல பாதி வார்த்தை தமிழ்லேர்ந்து போனதுதான், தமிழனா இருந்தா பத்துப் பேருக்கு அனுப்பு’ன்னு. கீழ நீளமா ஒரு பட்டியல். ஒன்னுதான் ‘ஒன்’ ஆச்சாம். கரையுறதுதான் ‘க்ரை’ ஆச்சாம். பதடிதான் ‘பேடி’ ஆச்சாம்.

சுர்ருன்னு ஏறிருச்சு எனக்கு.

தமிழ் மேல பிரியம் இல்லாம இல்லைங்க. பிரியம் இருக்குறதாலதான் கோவமே வருது. நெசமாவே நம்ம பக்கத்துலேர்ந்து கெளம்பி இங்கிலீஷுக்குள்ள போயி உக்காந்துக்கிட்ட வார்த்தைங்க எவ்வளவோ இருக்கு. எந்த வருஷம் போச்சு, யாரு கொண்டு போனா, எந்தக் காயிதத்துல எழுதுனாங்கன்னு சாட்சியோட இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு, சத்தம் ஒத்துப்போகுதுங்குற ஒரே காரணத்துக்காக கண்டதையும் நம்முதுன்னு சொன்னா, நாளைக்கு நெசத்தைச் சொன்னாலும் யாரு நம்புவா?

அண்ணன் மக (ஒம்பதாவது படிக்கிறா) அதைப் பாத்துட்டு, “அத்தை, இதைப் பேச்சுப் போட்டியில சொல்லட்டா?”ன்னு கேட்டா.

“இரு தங்கம், பாத்துட்டுச் சொல்றேன்”னு உக்காந்தேன். பாக்கப் பாக்க நீண்டுக்கிட்டே போகுது.

மொதல்ல பொய்யைத் தள்ளிருவோம். ‘க்ரை’ பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்தது, அதுக்கும் மேல போனா லத்தீன். ‘ஒன்’னுக்கு ஜெர்மன்ல ‘ஐன்’, லத்தீன்ல ‘ஊனுஸ்’னு கூடப்பொறந்ததுங்க வரிசையா நிக்குது. அது வேற வீடு. நம்ம வீட்டுக்கு வருவோம்.

ஒரத்தநாட்டுக்காரங்களுக்கு ஜி.ஏ. கெனால்னா யாரும் விளக்க வேண்டாம். நம்ம புதாறு. 1934-ல மேட்டூர் அணை முடிஞ்சப்ப, அந்தத் திட்டத்தோட சேத்து வெட்டுனது. கல்லணையில தலைப்பு. பெரிய கோயிலை ஒட்டி ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு நம்ம பக்கத்துக்கெல்லாம் காவிரித் தண்ணியைக் கொண்டாந்த ஆறு அது. அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஏரியையும் வானத்தையும் பாத்துக்கிட்டுக் கெடந்த மேட்டு பூமி. ஆறுன்னு சொன்னாலும் வெட்டுன வாய்க்கால்தான். ஆனா எங்க அப்பாயிக்குக் கடைசி வரைக்கும் அது ‘ஆறு’தான். தண்ணி வந்த அன்னிக்கு ஒரு கைப்பிடி எடுத்து கண்ணுல ஒத்திக்கும்.

அதிகாரிங்க பேச்சுல, பேப்பர் செய்தியில எல்லாம் அது ஜி.ஏ. கெனால். ஜி-ன்னா கிராண்ட். சரி. ஏ-ன்னா?

‘அனிகட்’.

அனிகட்னா?

நம்ம அணைக்கட்டு!

இது தெரிஞ்சப்ப எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாதுங்க. தெனமும் பாலத்துல கடந்து போற வாய்க்கால். அதோட இங்கிலீஷ் பேருக்கு நடுவுல நம்ம வார்த்தை ஒத்தை எழுத்தா சுருங்கி உக்காந்துருக்கு. அண்ணன் மககிட்ட சொன்னேன். “அப்ப ‘ஏ’ நம்ம ஆளா அத்தை?”ன்னு கேட்டா. நம்ம ஆளேதான்.

இதுக்கு சாட்சி என்ன? 1776-ல சென்னை கவுன்சில்காரங்க தஞ்சாவூர்ல இருந்த ராணுவ அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுறாங்க. ராஜா அணைக்கட்டுக்குப் போயி கரை மராமத்தைப் பாக்கணும்னா தாராளமா போகட்டும், நீ இப்ப கோட்டையை விட்டு நகராதேங்குற மாதிரி. அந்தக் கடிதத்துல ‘வியர்’ருன்னோ ‘டேம்’முன்னோ எழுதல. அணைக்கட்டுன்னே எழுதுறாங்க. அவங்க பாத்த பொருளுக்கு இங்க இருந்த பேரையே எடுத்துக்கிட்டாங்க. ஓடுற ஆத்தை அடைச்சுப் போடாம, குறுக்க கல்லைப் போட்டு மட்டத்தை உசத்தி, வேணுங்குற பக்கம் திருப்பி விட்டு, மிச்சத்தைத் தலைக்கு மேல வழியவிடுறது. இது நம்ம ஊர் வேலை.

அப்புறம் ஆர்தர் காட்டன்னு ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வர்றாரு. கரிகாலன் கட்டுனதா நாம சொல்ற அந்தக் கல்லணையைச் சுத்திச் சுத்திப் பாக்குறாரு. ஆழமே தெரியாத மணல் படுகையில எப்படி அஸ்திவாரம் நிக்குதுங்குறதுதான் அவருக்குப் பெரிய கேள்வி. மணல்ல கல்லைப் போட்டா எறங்கும், எறங்குனா மேல இன்னும் போடு, எறங்குறது நிக்குற வரைக்கும் போடு. இந்தப் பாடத்தை வெச்சுக்கிட்டு 1836-ல முக்கொம்புல மேலணையும், கொள்ளிடத்துல கீழணையும் ஆரம்பிக்கிறாரு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ‘அப்பர் அனிகட்’, ‘லோயர் அனிகட்’னு பேரு. அங்கேர்ந்து கோதாவரிக்குப் போறாரு. தவளேஸ்வரத்துல 1847-லேர்ந்து 1852 வரைக்கும் வேலை. அதுவும் அனிகட்தான். (தெலுங்குலயும் ‘ஆனகட்ட’ன்னு சொல்றாங்க. அவங்களுக்கும் இதுல பங்கு உண்டு.) 1870-கள்ல பீகார்ல சோன் ஆத்துக்குக் குறுக்க டெஹ்ரியில கட்டுனதும் அனிகட்.

இன்னிக்கு ராஜஸ்தான் கிராமத்துல போயி, ஓடையில மழைத்தண்ணியை மறிக்கிற சின்னத் தடுப்பணைக்கு என்ன பேருன்னு கேளுங்க. ‘எனிகட்’னு இந்தியில சொல்லுவாங்க. காவிரிக் கரையில பொறந்த வார்த்தை இங்கிலீஷ் வழியா சுத்தி பாலைவனத்து ஓரத்துக்குப் போயிருக்கு. வார்த்தை மட்டும் தனியா போகல பாருங்க. அந்தத் தொழிலும் கூடவே போயிருக்கு.

இந்த 1776 கடிதத்தை எடுத்து வெச்சது யாருன்னு தேடுனேன். அங்கதான் ரெண்டாவது ஆச்சரியம்.

ஹாப்சன்-ஜாப்சன்னு ஒரு அகராதி இருக்கு. 1886-ல வந்தது. இந்தியாவுல இருந்த இங்கிலீஷ்காரங்க பேச்சுல கலந்துபோன நம்ம நாட்டு வார்த்தைங்களுக்கான அகராதி. ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ வருஷம் போட்டு, எந்தக் கடிதம், யாரோட பயணக் குறிப்புன்னு அடுக்கி வெச்சிருப்பாங்க. எழுதுனது ரெண்டு பேரு. ஒருத்தர் ஹென்றி யூல். இன்னொருத்தர் ஆர்தர் கோக் பர்னெல்.

இந்தப் பர்னெல் யாரு? தஞ்சாவூர் ஜில்லா ஜட்ஜுங்க!

கச்சேரி வேலையும் பாத்துக்கிட்டு, நம்ம அரண்மனை நூலகத்துல இருந்த சமஸ்கிருதச் சுவடிங்களை ஒன்னொன்னாப் பாத்து வகை பிரிச்சு பட்டியல் போட்டிருக்காரு. அது 1880-ல அச்சுல முடிஞ்சது. தென்னிந்திய எழுத்துங்களைப் பத்தி அதுக்கு முன்னாடியே ஒரு புஸ்தகம். இதுக்கு நடுவுல வார்த்தை சேகரிப்பு. 1872-லேர்ந்து யூலுக்கும் அவருக்கும் பழக்கம். யூல் அப்ப இருந்தது இத்தாலியில. இவரு இங்கேர்ந்து எழுத, அவரு அங்கேர்ந்து எழுத, அப்படியே வளந்துருக்கு. உடம்பு கெட்டு ஊர் திரும்புன பர்னெல் 1882-ல 42 வயசுலயே செத்துப் போனாரு. புஸ்தகம் வர்றதைப் பாக்கல.

அந்தப் பேரு இருக்கே, ஹாப்சன்-ஜாப்சன், அது மொகரம் ஊர்வலத்துல ‘யா ஹசன், யா ஹுசைன்’னு மாரடிச்சுக்கிட்டுப் போறது வெள்ளைக்காரச் சிப்பாய் காதுல விழுந்த விதம். நம்ம பக்கம் காசவளநாடு புதூர்ல இந்துக்களே ஊர் கூடி மொகரம் எடுக்குறாங்க, தீ மிதிக்கிறாங்க. தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர் கைபட்ட அகராதிக்கு இந்தப் பேரு அமைஞ்சது எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.

(அதே அகராதியில ‘சவுல்ட்ரி’யும் இருக்கு. வழிப்போக்கர் தங்குற எடம். நம்ம சாவடிதான் மூலம், தெலுங்கு மலையாளத்துலயும் அதே சொல்லு உண்டு. ஒரத்தநாட்டுல தஞ்சாவூர் ராஜா ரெண்டாம் சரபோஜி தன் பிரியத்துக்குரிய முத்தம்பாள் நினைவா கட்டுன சத்திரத்தையும் இங்கிலீஷ் ஆவணத்துல சவுல்ட்ரின்னுதான் எழுதுவாங்க. நம்ம ஊருக்கு முத்தம்பாள்புரம்னு இன்னொரு பேரு இருந்தது இந்தச் சத்திரத்தாலதான்.)

இப்ப நெல்லுக்கு வருவோம். டெல்டாவுல இருந்துக்கிட்டு நெல்லைப் பேசாம எப்படி?

‘பேடி’ நம்ம பதடி இல்லைங்க. பதடின்னா பதரு. உள்ள ஒன்னும் இல்லாத சாவி. வெளைஞ்ச நெல்லுக்கு யாராவது பதர்னு பேரு வெப்பாங்களா? களத்துல ஒரு நாள் நின்னவங்க கேக்குற மொதக் கேள்வி இதாத்தான் இருக்கும். பேடி மலாய்க்காரங்களோட ‘பாடி’. அவங்களுக்கும் நம்மள மாதிரியே வயல்ல இருந்தா ஒரு பேரு, குத்துனா ஒரு பேரு, வெந்தா ஒரு பேரு. பாடி, பெராஸ், நாசி. நெல்லு, அரிசி, சோறு. இங்கிலீஷ்காரனுக்கு மூணுக்கும் சேத்து ‘ரைஸ்’ ஒன்னுதான். நெல்லு வாங்கி விக்க எறங்குனப்ப அது பத்தல. மலாய்க்காரங்ககிட்டேர்ந்து ஒன்னை எடுத்துக்கிட்டான்.

‘ரைஸ்’? அது கிரேக்கத்து ‘ஒரூசா’விலேர்ந்து வருது. அந்த ஒரூசா அரிசிதான்னு கால்டுவெல் எழுதியிருக்காரு. இல்லை, சமஸ்கிருத ‘வ்ரீஹி’ பாரசீகப் பக்கமா போயி அப்படி ஆச்சுன்னு சொல்றவங்க நெறைய. இந்த வழக்கு முடியல. முடியாத வழக்கை மேடையில தீர்ப்பு மாதிரி சொல்லாதேன்னு புள்ளைகிட்ட சொல்லிட்டேன். இஞ்சியைச் சொல்லு, ‘ஜிஞ்சர்’ல நம்ம இஞ்சி இருக்கு, அறிஞருங்க ஒத்துக்கிட்ட விஷயம்.

ஆனா கஞ்சிக்கு வழக்கே இல்லை. நம்முதேதான்.

எங்க அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கு. (ஒரத்தநாட்டுப் பக்கம் எந்தத் தெருவுல கேட்டாலும் சிங்கப்பூர்ல ஒரு ஆள் இருக்கும்.) அங்க சீனக்காரங்க கடையில ‘காஞ்ஜி’ன்னு பலகை. கொழகொழன்னு வெந்த அரிசி, மேல இஞ்சி, வெங்காயத்தாள், மீன் துண்டு. அது சீனப் பேருன்னு அண்ணன் நெனச்சிருக்கு. சீனக்காரங்க தங்களுக்குள்ள அதை ‘ஜுக்’குன்னும் ‘ஜோ’ன்னும்தான் சொல்லிக்கிறாங்க. பலகையில இருக்குற இங்கிலீஷ்தான் நம்ம கஞ்சி. போர்ச்சுகீஸ்காரங்க நம்ம மேற்குக் கரையில குடிச்சுப் பழகி ‘கான்ஜ’ன்னு எடுத்துக்கிட்டாங்க. 1563-ல கோவாவுல அச்சான கார்சியா த ஓர்த்தாவோட மருத்துவப் புஸ்தகத்துலயே இருக்கு. இன்னிக்கும் போர்ச்சுகல்லயும் பிரேசில்லயும் காய்ச்சல்னா கோழி போட்ட அரிசி சூப்பு வெப்பாங்க, பேரு ‘கான்ஜ’. ஒலகத்துல எங்கயோ ஒரு அம்மா, புள்ளைக்கு உடம்பு சுடுதேன்னு அடுப்புல வெக்கிறது நம்ம கஞ்சிப்பானையைத்தான்!

நாம வடிச்ச கஞ்சியை வேட்டிக்கும் போடுவோம்ல, அந்த அர்த்தமும் சேந்து இங்கிலீஷுக்குப் போயிருக்கு. இன்னொன்னும் இருக்கு. வெள்ளைக்காரப் பட்டாளத்துல லாக்கப்புக்குப் பேரு ‘கஞ்சி ஹவுஸ்’. உள்ள போட்டா கஞ்சிதான் சாப்பாடுங்குறதால.

1784-ல ஒரு பாட்டு அச்சாகியிருக்கு. மைசூர் ஹைதர் அலிகிட்ட மாட்டிக்கிட்ட கப்பல்படை ஆள் ஒருத்தன் பெங்களூர் ஜெயில்ல இருந்து பாடுன மாதிரி. தன் தலைவிதியை நொந்துக்கிறான், சாப்பாட்டுக்குக் கஞ்சியும் மொளவுத்தண்ணியும்தான்னு. ஜெயில்ல அழுதுக்கிட்டே குடிச்ச அந்த மொளவுத்தண்ணி பின்னாடி ‘மல்லிகட்டானி’ன்னு பேரு மாறி, ஆட்டுக்கறியும் மாவும் சேந்து, லண்டன்ல சீமாட்டிங்க விருந்துல சூப்பு ஆயிருச்சு. நம்ம ரசத்தோட அதை வெச்சா ஒன்னுக்கொன்னு அடையாளமே தெரியாது. மெட்ராஸ் மாகாணத்து அதிகாரிங்களுக்கு ‘மல்’லுன்னு பட்டப்பேரே இருந்துச்சு, மல்லிகட்டானியைச் சுருக்கி.

காசு? பார்வேர்டுல அதுவும் இருந்துச்சு. பாதி சரி. இங்கிலீஷ்ல ‘கேஷ்’னு ரெண்டு வார்த்தை ஒரே எழுத்துல இருக்கு. கையில ரொக்கம்னு சொல்ற கேஷ், பணப்பெட்டிக்கான பிரெஞ்சு வார்த்தையிலேர்ந்து வந்தது. இன்னொன்னு நம்ம பக்கத்துச் சின்னச் செப்புக் காசு, அது நம்முது. மெட்ராஸ்ல 80 காசுக்கு ஒரு பணம், 42 பணத்துக்கு ஒரு வராகன். 1818-ல ரூபாய்க் கணக்குக்கு மாத்துற வரைக்கும் கும்பினிக்காரன் கணக்கை இப்படித்தான் எழுதியிருக்கான்.

இது வரைக்கும் பேசுனதெல்லாம் அடுப்பும் ஆறும். இனிமே சொல்றதை நான் பெருமைப் பட்டியல்ல சேக்க மாட்டேன். ஆனா சொல்லாம விடவும் முடியாது.

கூலி. ‘கூலி’ங்குற இங்கிலீஷ் வார்த்தைக்குக் குஜராத்துக் ‘கோலி’ங்குற சமூகப் பேருதான் மூலம்னு ஒரு கட்சி, நம்ம கூலிதான்னு ஒரு கட்சி. ரெண்டும் கலந்துதான் ஆகியிருக்கும்னு எனக்குத் தோணுது. நமக்குக் கூலின்னா வேலைக்குக் குடுக்குறது. அவனுக்கு அது வேலை செய்யுற ஆளோட பேரே ஆயிருச்சு. நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல் கப்பலா பினாங்குக்கும் மலாயா தோட்டத்துக்கும் போன நம்ம சனங்களை அந்தப் பேருலதான் கணக்கு எழுதுனாங்க. ஆள் புடிச்சு மேய்ச்ச கங்காணியும் ‘கங்கானி’ன்னு இங்கிலீஷுக்குப் போயிட்டாரு. 1860-ல மெட்ராஸ்லேர்ந்து இப்படி ஆளுங்களை ஏத்திக்கிட்டு ட்ரூரோங்குற கப்பல் டர்பனுக்குப் போச்சு. அதுக்கப்புறம் தென்னாப்பிரிக்காவுல இந்தியர் யாரா இருந்தாலும் கூலிதான். காந்தி பாரிஸ்டரா அங்க போனப்ப ‘கூலி பாரிஸ்டர்’னாங்க.

இங்க ஊர்ல கூலி நெல்லா இருந்துச்சு. அளந்து போடுறது. அந்த அளவுல கொஞ்சம் கூடக் கேட்ட சண்டையிலதான் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில குடிசைக்குள்ள 44 பேரை வெச்சுக் கொளுத்துனாங்க. பாதிக்கு மேல பொம்பளைங்களும் புள்ளைங்களும். கூலின்னா என்னன்னு டெல்டாவுல கேட்டா இதையும் சேத்துத்தான் சொல்லணும். எந்த அகராதியிலயும் இந்த அர்த்தம் போட்டிருக்காது.

‘பரையா’ன்னு இங்கிலீஷ்ல ஒதுக்கப்பட்டவனைச் சொல்றாங்கள்ல, பேப்பர்ல நாடுங்களுக்குக்கூட அந்த அடைமொழி குடுக்குறாங்க. அது நம்மகூட வாழுற ஒரு சமூகத்தோட பேரு. பறை அடிச்ச, வயலை வெளைய வெச்ச சனங்க. 1613 வாக்குலயே இங்கிலீஷ்ல ஏறிருச்சு. ஏறும்போதே ஒதுக்கலோட ஏறிருச்சு. அந்த ஒதுக்கலை வெள்ளைக்காரன் கண்டுபுடிக்கல, நம்ம தெருவுலேர்ந்து பாத்துத்தான் எழுதுனான். அதே பேரைத் தலை நிமிந்து தன் பத்திரிகைக்கு வெச்சவர் ரெட்டமலை சீனிவாசன், 1893-ல. இதைத்தான் புள்ளைக்கு ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டு இருந்தேன். கேட்டுட்டு ஒன்னும் பேசல. நோட்டுல அவர் பேரை எழுதிக்கிட்டா.

மத்ததை ஓட்டமா சொல்லிடுறேன். சுருட்டு ‘செரூட்’ ஆச்சு. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆச்சு, இப்ப ரெண்டு அடிப்பாகம் இருக்குற கப்பலுக்கெல்லாம் அந்தப் பேரு. கயிறும் கொப்பரையும் மலையாளக் கரை வழியா ‘காயர்’, ‘கோப்ரா’ன்னு போச்சு (கஜா புயல்ல 2018-ல பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை எல்லாம் விழுந்தப்ப இந்த ரெண்டு வார்த்தையும் இங்கிலீஷ் பேப்பர்ல தெனம் வந்துச்சு). வெட்டிவேரு பிரெஞ்சு வழியா ‘வெட்டிவர்’. சென்ட்டு பாட்டில்ல இருக்கும், பாருங்க. கொல்லையில நிக்குற முருங்கை ‘மொரிங்கா’ன்னு பொடியா டப்பாவுல போகுது.

ஒன்னே ஒன்னை மட்டும் நிறுத்திச் சொல்லணும். சோழமண்டலம்.

நாம நிக்குற மண்ணுக்கே பேரு அது. வெள்ளைக்காரன் வாயில ‘கோரமண்டல்’ ஆச்சு. அந்தப் பேரை ஒரு கப்பலுக்கு வெச்சாங்க. அந்தக் கப்பல் 1820-ல நியூசிலாந்துக்குப் போயி ஒரு கரையில நின்னுச்சு. அந்தக் கரைக்கும் கோரமண்டல்னு பேரு விழுந்துருச்சு. அங்க ஒரு ஊரு, ஒரு மலைத்தொடர், ஒரு தீபகற்பமே அந்தப் பேருல இருக்கு. சோழன் போகாத எடத்துல சோழன் பேரு! இதுக்குப் புள்ளை கைதட்டுனா.

இந்த வார்த்தைங்க எல்லாம் அவங்களுக்குத் தேவைப்பட்டப்ப அவங்க எடுத்துக்கிட்டது. தண்ணி திருப்ப வேண்டியிருந்தா அணைக்கட்டு, கைதிக்குச் சோறு போடணும்னா கஞ்சி, தோட்டத்துக்கு ஆளு வேணும்னா கூலி. அதனாலதான் நம்ம குறுவையும் சம்பாவும் தாளடியும் நெறைய காலம் அவங்க பேச்சுல ஏறாம நின்னுச்சு. அது உழுறவன் கணக்கு.

இப்ப பாருங்க. ஜூன் 12 நெருங்குனா போதும், மேட்டூர் தொறப்பாங்களா மாட்டாங்களான்னு இங்கிலீஷ் பேப்பர்ல வர்ற செய்தி எல்லாத்துலயும் ‘குறுவை’ன்னே இருக்கு, ‘சம்பா’ன்னே இருக்கு, ‘தாளடி’ன்னே இருக்கு. எழுதுறது நம்ம ஊருப் புள்ளைங்க. 2016-ல ஆக்ஸ்போர்டு அகராதி நம்ம ‘ஐயோ’வையே சேத்துக்கிச்சு. குறுவையைச் சேக்கச் சொல்லி எழுதிப் போடப் போறேன்னு அண்ணன் மக சொல்லிக்கிட்டு இருக்கா. சாட்சிக்குப் பேப்பர் வெட்டி ஒட்டுற வேலையை ஆரம்பிச்சுட்டா. போன வருஷத்து ஜூன் மாசப் பேப்பரைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாம யாராவது வெச்சிருந்தா சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்.